ஏ.பி. அமெரிக்க வரலாறு: கலாசாரக் கேள்வியில் என் 5 எப்படி 4 ஆனது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தர ஏ.பி. தேர்வின் மதிப்பெண் ஜூலையில் வந்தது. உச்ச மதிப்பெண் 5; எனக்கு 4. அம்மா பாயசம் வைத்தார். எனக்கு அது இனிக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை கோவையில் படித்துவிட்டு நியூஜெர்சிக்கு வந்த எனக்கு மனப்பாடம் எப்போதும் கைகொடுத்திருக்கிறது. பாடத்திட்டத்தின் ஒன்பது காலகட்டங்களின் ஆண்டுகளையும் சட்டங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். கலாசாரமும் அதிகாரமும் சந்திக்கும் கேள்விகளில் அந்த மனப்பாடமே என் காலை வாரிவிட்டதால், ஆதங்கம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி மாதிரித் தேர்வில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கச் சமூகத்தைக் கலாசாரம் எவ்வளவு மாற்றியது என்று கேட்டிருந்தார்கள். கறுப்பினத் தேவாலயங்கள், சுதந்திரப் பாடல்கள், தொலைக்காட்சி, ராக் இசை என்று நினைவில் இருந்த அனைத்தையும் சீர்வரிசைத் தட்டுகளைப் போல அடுக்கினேன். ஆசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இதனால் யாரால் எதைச் செய்ய முடிந்தது?’ இந்தப் பதிவில் மற்ற அனைத்தையும் நீங்கள் மறந்தாலும் பாதகமில்லை. இந்த வரியை மட்டும் விடைத்தாளின் ஒவ்வொரு பத்தியிடமும் கேளுங்கள்.

அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரை எடுத்துக்கொள்வோம். 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். 5 அன்று பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாட்கள் நீடித்தது. இது எல்லோரும் எழுதுவது. தேவாலயம் ஏன் தலைமை ஏற்றது என்பதில்தான் விடை இருக்கிறது. வெள்ளையர் வீட்டில் வேலை செய்தவருக்கும் அரசுப் பள்ளியில் கற்பித்தவருக்கும் வாய் திறந்தால் வேலை போய்விடும். ஆனால், போதகருக்குச் சம்பளம் கொடுத்தது கறுப்பினச் சபையே என்பதால், 26 வயதில் அந்த ஊருக்குப் புதியவராக இருந்த மார்ட்டின் லூதர் கிங்கால் வெளிப்படையாகப் பேச முடிந்தது. புறக்கணிப்பு தொடங்கிய அன்று மாலையே ஹோல்ட் தெருத் தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்ட முடிந்ததற்கும், பேருந்துக்குப் பதிலாக ஓடிய வாகனங்களைத் தேவாலயங்களின் பெயரில் பதிவு செய்ய முடிந்ததற்கும், ஞாயிறுதோறும் கூடிப் பாடி, காணிக்கை திரட்டிப் பழகிய ஒரு சமூகம் முன்பே இருந்ததுதான் காரணம். வழிபாடு இங்கே பணமாகவும் இடமாகவும் ஒழுங்காகவும் மாறுகிறது. இப்படி எழுதிய அடுத்த கட்டுரையில் எனக்கு பகுப்பாய்வுப் புள்ளி கிடைத்தது.

இதே கேள்வியைப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்திடம் கேளுங்கள். 1874-இல் தொடங்கிய அதில், ‘வீட்டைக் காப்பது பெண்ணின் கடமை’ என்ற பழமைவாத நம்பிக்கையையே அதன் தலைவி பிரான்சிஸ் வில்லர்டு வாக்குரிமைக்கான வாதமாகத் திருப்பினார்: வீட்டைக் காக்க வேண்டுமென்றால் வாக்குச்சீட்டு வேண்டும். பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திய சொல்லே அவளை வெளியே கொண்டுவந்தது. (இந்த உதாரணம் எனக்கு மிகப் பிடித்ததால் எல்லாக் கட்டுரையிலும் அதைத் திணித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

ஒரு விஷயத்தைப் பல கோணங்களில் பார்ப்பதற்குத் தரும் காம்ப்ளெக்ஸிட்டி புள்ளிக்கு எதிர்த்திசை வேண்டும். கலாசாரம் என்றாலே விடுதலை என்று எழுதுவது நம்மில் பலருடைய பழக்கம். 1894-இல் தோன்றிய உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பைப் போற்றிய ‘கூட்டமைப்பின் புதல்விகள்’ சங்கம் நீதிமன்ற வளாகங்களில் சிலைகளை நிறுவியது. அடிமைமுறை போருக்குக் காரணமில்லை என்று சொல்லும் பாடநூல்களுக்காகப் போராடியது. தலைவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் தென்மாநிலங்கள் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் இந்த நினைவு வேலையும் நடந்தது. சட்டம் பறித்ததை நியாயம் போலத் தோன்றச் செய்தது பாடநூல்.

வேறு சில குறிப்புகள், வரிசையின்றி:

- நியூயார்க்கின் கறுப்பினக் கலை எழுச்சியான ஹார்லெம் மறுமலர்ச்சிக்கு நான்கு கவிஞர்களின் பெயர் வேண்டாம். கறுப்பினத்தவர் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த பெரும் இடப்பெயர்வுடன் இணைத்த ஒரு வாக்கியம் போதும்.
- அமெரிக்கப் பூர்வகுடிகளின் கோஸ்ட் டான்ஸை ‘சடங்கு’ என்று கடந்துவிடாதீர்கள். ஒரு நடனத்துக்கு அரசு ஏன் படையை அனுப்பியது என்று கேட்டால், 1890-இன் உண்டட் நீ படுகொலை தானாக விளங்கும்.
- செல்மாவில் வாக்குரிமைப் பேரணியினரைக் காவலர்கள் தாக்கிய காட்சிகள் 1965 மார்ச்சில் ஒளிபரப்பாயின. வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்டில் வந்தது. அதற்காகத் தொலைக்காட்சியே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று எழுதாதீர்கள்.
- ஃபிளாஷ் கார்டு எனக்கு உதவவில்லை. உங்களுக்கு உதவலாம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் 4? ஆவணங்களைக் கொண்டு எழுதும் டி.பி.க்யூ. கட்டுரைக்கும் ஆவணமின்றி எழுதும் எல்.இ.க்யூ. கட்டுரைக்கும் சேர்த்து 100 நிமிடம். தேர்வு நடக்கும் ப்ளூபுக் செயலி, முதல் கட்டுரையின் நேரம் முடிந்ததென்று நடுவில் யாரையும் தடுப்பதில்லை. ஏழு ஆவணங்களில் இரண்டுக்கு சோர்சிங் (எழுதியவர் யார், ஏன், யாருக்காக என்ற விளக்கம்) எழுதினால் போதும் என்று தெரிந்தும் ஐந்துக்கு எழுதி 78 நிமிடங்களைக் கரைத்தேன். எல்.இ.க்யூ.வுக்கான அந்தக் கடைசி 40 நிமிடங்களைக் கடவுளே கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். என் எல்.இ.க்யூ.வில் மான்ட்கோமரி மக்கள் டிசம்பர் 5 அன்று பேருந்தில் ஏற மறுத்து நடக்கத் தொடங்கினார்கள். 1956 நவம்பரில் பேருந்துப் பாகுபாடு செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்குள் என் திரை மூடிக்கொண்டது.