ஆறு பருவம், நான்கு இடம்: வட சென்னையை நீர்வண்ணத்தில் முடித்த விதம்

வட சென்னையில் மரத்தைப் பார்த்துப் பருவம் சொல்ல முடியாது. பூவரசு சித்திரையிலும் பச்சை, மார்கழியிலும் பச்சை. படகு எங்கே நிற்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தாளில் போட்ட வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) எத்தனை நிமிடத்தில் காய்கிறது என்று பார்த்தால்தான் மாதம் பிடிபடும். பருவகாலத் தொடர் வரைய இறங்குகிறவர்கள் முதலில் வண்ணம் வாங்கப் போகிறார்கள். நாங்கள் சொல்வது, முதலில் ஒரு குறிப்பேடும் கைக்கடிகாரமும்.

எங்கள் நான்கு இடம்: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், இராயபுரம் ரயில் நிலையம், எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு. ஒவ்வொன்றுக்கும் ஆறு பெரும்பொழுதிலும் (தமிழ் இலக்கணம் ஆண்டை இரண்டிரண்டு மாதமாகப் பிரித்த பருவங்கள்) ஒருமுறை போனால் 24 களப் படம். அவற்றிலிருந்து வீட்டில் ஆறு பெரிய படம். போக்குவரத்து எளிது: கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்தான் முதுகெலும்பு. எண்ணூரில் இறங்கினால் முகத்துவாரத்துக்கு ஷேர் ஆட்டோ, பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து. இராயபுரம் நிலையம் 1856-ல் திறந்தது. தூண்களை மட்டும் வரைந்தாலே ஒரு காலை போய்விடும். நிலையத்துக்குள் உட்கார்ந்து வரைவதற்கு முன் அங்குள்ள அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாதிப் படத்தில் எழுந்திருக்கச் சொன்னால் அந்த வாஷ் போச்சு.

இலக்கணப் பருவத்தை அப்படியே சென்னைமேல் போட்டால் பொருந்தாது. கார் என்பது ஆவணி, புரட்டாசி. இங்கே அப்போது சாயங்கால இடிமழைதான். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், அதாவது கூதிரில் வருகிறது. அதனால் கூதிரை எங்கள் மழைப் பருவமாக வைத்துக்கொண்டோம். காரை ‘மதியம் வெயில், மாலை கருமேகம்’ என்ற ஒற்றைக் காட்சியாகச் சுருக்கினோம்.

காசிமேட்டின் நாட்காட்டியே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையணைந்து, முட்ட முட்ட நிற்கும். சுரண்டல், பெயின்ட், வலை பழுது எல்லாம் அப்போதுதான். படகின் உடம்பைப் படிக்க வேண்டுமானால் இந்த இரண்டு மாதம்தான். அடிப்பாகம் வரை தெரியும். ஜூன் 15-க்குப் பிறகு போனால் பாதித் துறை காலி, வெறும் தண்ணீரும் கயிறும். இரண்டையும் ஒரே கோணத்தில் வரைந்து பக்கத்தில் வையுங்கள். வேனிலைக் காட்ட மஞ்சள் தேடி அலைய வேண்டியதில்லை.

கிழக்குக் கடற்கரை என்பதால் காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் எல்லாம் எதிரொளி: படகு கறுப்பு, தண்ணீர் வெள்ளை. மாலை நாலு மணிக்கு மேல் சூரியன் முதுகுப் பக்கம் வந்துவிடும், படகின் வண்ணமும் துருவும் தானாக வெளியே வரும். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்று இலக்கணம் வைத்தது சும்மா இல்லை. (அது பொழுது சாய்வதா, விடிவதா என்று உரைகாரர்கள் பிரிந்து நிற்பது வேறு கதை. தூரிகை பிடித்தவரைக் கேட்டால் சாய்வதுதான்.)

நிழல் விஷயத்தில் நினைவு கட்டாயம் ஏமாற்றும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரமும் ஆகஸ்ட் மூன்றாம் வாரமும் நண்பகலில் சூரியன் நேர் உச்சி, நட்ட கம்பத்துக்கு நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரம்தான். நிழல் வடக்கே நீளும். வீட்டில் உட்கார்ந்து ஜூன் மாதப் படத்துக்கு டிசம்பர் நிழலைப் போட்டுவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொய் என்று தோன்றும். களத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் நிழல் விளிம்பைப் பென்சிலால் பூட்டிவிடுங்கள். ஓரத்தில் வடக்கு அம்புக்குறியும் மணியும் எழுதுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஒரே படத்தில் உட்காராதீர்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

நினைவுப் பயிற்சி இப்படி. ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். திரும்பி நின்று, காட்சிக்கு முதுகு காட்டி, உள்ளங்கையளவு கட்டத்தில் மூன்றே தொனியில் வரையுங்கள்: வெள்ளை, நடு, கறுப்பு. மறுபடி திரும்பிப் பார்த்து, தப்பை அழிக்காமல் சிவப்பு பேனாவில் குறியுங்கள். அன்றிரவு குறிப்பேட்டைத் திறக்காமல் இன்னொருமுறை, ஆறு வாரம் கழித்து மூன்றாம் முறை. மூன்றிலும் மிஞ்சி நிற்கும் வடிவம்தான் பெரிய படத்தின் எலும்பு. பெரும்பாலும் அது நாம் எதிர்பார்த்ததாக இராது. எண்ணூரில் நமக்குப் புகைபோக்கி பெரிதாகப் படும். ஆறு வாரம் கழித்து மிஞ்சுவது முழங்கால் தண்ணீரில் கைகளால் இறால் தடவும் ஆள்.

வடிவத்தில் நினைவை நம்பலாம், நிறத்தில் கூடாது. நிறத்தைச் சொல்லால் எழுதுங்கள், தெரிந்த பொருளோடு ஒட்டி: ‘வானம் வெளுத்த நீலச் சட்டை’, ‘தண்ணீர் ஆறின டீ’. பக்கத்தில் விரல்நக அளவு வண்ணத்துண்டு, ஒன்று முதல் ஐந்து வரை வெளிச்ச எண். கைபேசிப் படம் கயிற்று முடிச்சு, பலகை எண்ணிக்கை போன்றவற்றுக்கு மட்டும். எதிரொளியில் கைபேசி நிழலைத் தூக்கி வெளிச்சமாக்கிவிடும். அதைப் பார்த்து வரைந்தால் காசிமேட்டுக் காலை போய், கல்யாண ஆல்பம் வந்துவிடும்.

இனி தாளும் தண்ணீரும். பணத்தை இங்கே போடுங்கள். களத்துக்கு 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள், 22×30 அங்குலத் தாளை எட்டாக வெட்டினால் 7.5×11. பெரிய படத்துக்கு அரைத்தாள், 15×22. எங்கள் குறிப்பேட்டின்படி, நிழலில் ஒரு நனைந்த வாஷ் காய மே மாதம் ஆறு முதல் எட்டு நிமிடம். நவம்பரில் 40 நிமிடத்துக்குக் குறையாது. இரண்டுக்கும் இரண்டு கை வேண்டும்.

மே மாதத்தில் வாஷின் ஓரம் கம்பி கட்டினாற்போல் காய்ந்துவிடும், அடுத்த வீச்சு ஒட்டாது. தாளின் பின்பக்கத்தை நன்றாக நனைத்து, ஈரமான அக்ரிலிக் தகட்டின்மேல் படியவைத்தால் அரை மணி நேரம் கிடைக்கும். மதியம் கடல்காற்று எழுந்ததும் நிலைமை மாறும். காற்று வர முன்னே வானத்தை முடித்துவிடுங்கள். மழைப் பருவத்தில் தலைகீழ். பாதி காய்ந்த நிலை நீண்டு கிடப்பதால், பொறுமை இழந்து ஈர பிரஷை வைத்த இடமெல்லாம் தண்ணீர் பரவி, காலிஃபிளவர் பூத்தாற்போல் கறை விழும். ஹேர் டிரையர் பிடிக்கலாம், ஆனால் ஈரப் பளபளப்பு போன பிறகு, ஓர் அடி தள்ளி. முன்னாலேயே பிடித்தால் காற்று வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போகும்.

மழைக்காலத்தின் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாது. பரண்மேல் ஒரு பருவம் கிடந்த தாளில் பசைப்பூச்சு பூஞ்சையால் அரிபட்டிருக்கும். வெள்ளையாகத்தான் இருக்கும், வாஷ் போட்டதும் புள்ளி புள்ளியாக உறிஞ்சும். ஓரத்தில் வெறும் தண்ணீரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்; உடனே கறுத்த திட்டு தெரிந்தால் பூச்சு போய்விட்டது. லிட்டருக்கு 20 கிராம் ஜெலட்டின், வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்தால் ஓரளவு மீளும். இல்லையென்றால் கரித்துண்டு ஓவியத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். புதுத் தாளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பது மலிவு. தேன் கலந்த வண்ணக்கட்டி இந்த மாதங்களில் இறுகவே இறுகாது, பூஞ்சையும் பிடிக்கும். கட்டிக்கு ஒரு துளி லவங்க எண்ணெய் போதும்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்து ஒரு லிட்டர் கேன் தண்ணீர். கடல்நீரில் பிரஷ் நனைத்து வரைவது கேட்க அழகு. அந்த உப்பு தாளிலேயே தங்கி, ஒவ்வொரு ஐப்பசியிலும் ஈரம் இழுக்கும். இரும்பு கிளிப்பும் அப்படித்தான், கடற்கரையில் சில நாளிலேயே துரு தாளில் இறங்கும். பிளாஸ்டிக் கிளிப் வாங்குங்கள். எண்ணூரில் ஈர வாஷில் கருந்தூசி விழும். ஈரத்தில் தொட்டால் கோடாக இழுபடும். முழுக்கக் காயவிட்டு, பிசையும் ரப்பரால் ஒற்றி எடுங்கள். சிலவற்றை நாங்கள் எடுக்காமலே விட்டோம். அந்த இடத்தின் காற்று அது.

வண்ணம் அதிகம் வேண்டாம். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கூதிர் மேகம் முழுவதும் கிடைக்கும்: நீலம் தூக்கினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா தூக்கினால் மழைக்கு முந்தின புழுக்கம். அதே சியன்னா படகின் துருவுக்கும் ஆகும். குழாயில் வரும் கறுப்பைத் தவிருங்கள், இந்த ஈரவெளிச்சத்தில் அது ஓட்டையாகத் தெரியும். மார்கழி, தை மூட்டத்துக்கு மூன்று மெல்லிய வாஷ், ஒவ்வொன்றும் எலும்பாகக் காய்ந்த பிறகு. அடிவானக் கோடே போடாதீர்கள். போகி விடியலில் புகையும் பனியும் சேர்ந்து சூரியன் செம்மஞ்சள் வட்டமாக நிற்கும். அதற்கு அடியில் ஆக்கர் மஞ்சளை முதலில் பரப்பிக் காயவிட வேண்டும், பிறகுதான் சாம்பல். பழவேற்காட்டுப் பூநாரையின் சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் பழைய வகை வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். குயினாக்ரிடோன் ரோஸ் நிற்கும். தூரத்துப் பறவைக்கூட்டத்தை ஒவ்வொன்றாக வரையாமல், தாளின் வெள்ளையில் ஒரு ரோஸ் இழைப்பு விட்டாலே போதும். கால்கள் கானல் அதிர்வில் தெரியவே தெரியாது.

பெரிய படத்துக்குத் தாளை இழுத்துக் கட்டும்போது பலகை 12 மி.மீ. வாட்டர்புரூஃப் பிளைவுட், இரண்டு கோட் வார்னிஷ் அடித்தது. வார்னிஷ் அடிக்காத பலகையானால் ஈரத்தில் மரச்சாயம் தாளுக்கு ஏறும். மழை மாதத்தில் பசை டேப் காய்வதற்குள் தாள் நழுவும், ஸ்டேப்பிள் அடியுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை, அமிலமில்லாதது. பின்பக்க நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். ஆணி ஸ்டெயின்லெஸ்.