டூட்டி சார்ட்டில் இல்லாதவர்கள்

தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. 2020இல் உறவினர்கள் எல்லோரும் “கொரோனா எப்ப போகும்?” என்று என்னிடம்தான் கேட்டார்கள். தேதி குறிப்பது ஜோசியர் பாடு. இந்த வழியை அடைத்தால் எவ்வளவு குறையும், அந்த வழியைத் திறந்துவிட்டால் எவ்வளவு கூடும் என்று ஒப்பிட்டுச் சொல்லும் அளவுக்குத்தான் எங்கள் கைவசம் சரக்கு உண்டு.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது ஸ்காட்லாந்து விஞ்ஞானிகள் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927இல் எழுதிய கட்டுரை. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். இமாச்சலத்தின் கசௌலியில் பாஸ்டர் நிறுவனத்தை நிர்வகித்தவர். தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டோ இறந்தோ ஒதுங்கியவர் என்று மக்களை மூன்று பெட்டிகளில் போட்டுச் சமன்பாடு எழுதினார்கள். அதைப் பொருத்திப் பார்க்க எடுத்துக்கொண்டது, 1905-06இல் பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்களின் வாராந்தரக் கணக்கு. வளைவு அழகாகப் பொருந்தியது. இத்தனைக்கும் பம்பாய் பிளேக் எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பிய நோய். சமன்பாட்டில் இரண்டுமே கிடையாது! வளைவு பொருந்தியதை வைத்தே கணக்கை நம்பிவிடும் புதிய மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்தச் சமன்பாட்டில் எல்லோரும் எல்லோரையும் ஒரே மாதிரி சந்திப்பார்கள் என்று ஓர் அனுமானம் இருக்கிறது. மருத்துவமனையில் அது செல்லாது. 2002-03இல் சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று தாக்கிய 8,096 பேரில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள், அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல். அதனால் பணியாளர்களுக்குத் தனிப் பெட்டி போட்டு, ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையே தொற்று போக, வர இரண்டு அம்புக்குறிகள் வரைவோம்.

ஒரு மருத்துவமனைக்காக அப்படி ஒரு கணித மாதிரி (மாடல்) செய்தோம். பணியாளர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி மற்றதைப் பார்க்கவே விடாமல் வேலை வாங்கினால் தொற்று ஓர் அணியோடு நின்றுவிடுமா என்பது கேள்வி. டூட்டி சார்ட் கொடுத்தார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள் என்று எல்லாம் கச்சிதமாக இருந்தது. கணக்கும் நல்ல பதிலே சொன்னது.

அப்புறம் வார்டில் போய் நின்றேன். ஒரு அம்மா வாளியும் மாப்புமாக ஆண்கள் வார்டை முடித்துக்கொண்டு பெண்கள் வார்டுக்குப் போனார், அங்கிருந்து டயாலிசிஸ். மதியம் அடுத்த ஷிஃப்ட்டிலும் அவரே இருந்தார், ஆள் வரவில்லையாம். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அவர் பெயர் கான்ட்ராக்டரின் நோட்டில்தான் இருக்கிறது. இரண்டு அணிகளும் ஒன்றையொன்று பார்க்கவில்லை, சரி. இவர் இரண்டையும் பார்க்கிறார். டாக்டர்களுக்கு என்-95, இவருக்குத் துணி மாஸ்க். வேலை முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வீட்டுக்குப் போகிறார். நிர்வாகத்தின் பயமெல்லாம் ஊரிலிருந்து உள்ளே வரும் அம்புக்குறியைப் பற்றித்தான். வெளியே போகும் அம்புக்குறியை அன்று நான் நேரில் பார்த்தேன்.

நோயாளியோடு தங்கும் உறவினர்கள், அதாவது அட்டெண்டர்கள், இன்னொரு கூட்டம். “பாஸ்ல பெட்டுக்கு ஒருத்தர்தான் சார். ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து பாருங்க, வராண்டால கால் வைக்க இடம் இருக்காது” என்றார் வார்டு சிஸ்டர். நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பது, ஊட்டிவிடுவது, சளி டப்பாவை லேபுக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர்கள்தான். வெளிநாட்டு மாதிரிகளில் இவர்களுக்குப் பெட்டி கிடைப்பது அரிது. அங்கே இந்த வேலைகளைச் செய்யச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.

தூய்மைப் பணியாளர்கள், அட்டெண்டர்கள் என்று இரண்டு பெட்டிகளையும் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினோம். அணி பிரிப்பதால் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. ஒரு தூய்மைப் பணியாளருக்கு ஒரு வார்டுதான் என்று வைத்துப் பார்த்தபோது அதில் கணிசமான பங்கு திரும்ப வந்தது. அறிக்கையில் அதை முதல் பரிந்துரையாக எழுதினோம். கூடுதல் ஆட்களுக்குக் கான்ட்ராக்டைத் திருத்த வேண்டும், அடுத்த டெண்டரில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. டாக்டர்களையும் நர்ஸ்களையும் மட்டும் மறுவாரமே அணி பிரித்துவிட்டார்கள்.