கண் பார்த்ததைக் கை செய்யும்: டாஸ்க்மாஸ்டரிடம் இருப்பதும் இல்லாததும்

மார்வெல் காமிக்ஸ் வில்லன் டாஸ்க்மாஸ்டரும் ஹீரோ கேப்டன் அமெரிக்காவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று பேச்சு வந்தால் போதும், "கேப்டனின் எல்லா அடியும் இவனுக்கு அத்துப்படியாச்சே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அத்துப்படிதான். ஆனால் அந்த அடியை அடிக்கிற உடம்பு இவனிடம் இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் 1980லிருந்து வந்த டாஸ்க்மாஸ்டர் கதைகளில் எது சரியாக எழுதப்பட்டது, எது சொதப்பல் என்று சுலபமாகப் பிரித்துவிடலாம்.

டேவிட் மிச்செலினி எழுத, ஜார்ஜ் பெரேஸ் வரைய, அவெஞ்சர்ஸ் 195ஆம் இதழில் தலைகாட்டி 196ஆம் இதழில் முழுசாக வந்து இறங்கினான் டோனி மாஸ்டர்ஸ், அதாவது டாஸ்க்மாஸ்டர். சின்ன வயதில் டிவியில் கௌபாய் ஒருவன் கயிறு சுழற்றுவதைப் பார்த்தான், உடனே அதே வித்தையைச் செய்து காட்டினான். பிறகு ஒரே ஒரு தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் நட்சத்திர குவார்ட்டர்பேக் ஆனான். மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயர் 'போட்டோகிராபிக் ரிஃப்ளெக்ஸ்'. கண் வழியாக உள்ளே போன அசைவு, பயிற்சி எதுவும் இல்லாமல் நேராகத் தசையில் போய் உட்கார்ந்துவிடும்.

அவன் எடுத்துக்கொள்வது அசைவை மட்டும்தான். கேப்டன் கேடயம் வீசும்போது மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, எந்தக் கோணத்தில் கை விடுபடுகிறது என்பதெல்லாம் வரும். கேப்டனுக்கு ஏற்றிய சூப்பர் சோல்ஜர் சீரம் என்ற மருந்து தந்த பலம் வராது. பார்வையில்லாத ஹீரோ டேர்டெவிலின் தடியை அதே மாதிரி எறிவான், ஆனால் கண்ணைக் கட்டிவிட்டால், பார்க்காமலே சுற்றுப்புறத்தை அறியும் அவருடைய ரேடார் உணர்வு இவனுக்குக் கிடையாது. ஸ்பைடர்மேன் போலக் குட்டிக்கரணம் அடிப்பான், சுவரில் ஒட்டமாட்டான். அதனால்தான் இடுப்பிலும் முதுகிலும் அத்தனை சாமான்: வாள், கேடயம், வில், அம்பு, தடி, கயிறு, துப்பாக்கி. யாருடைய வித்தை வேண்டுமோ அவருடைய ஆயுதமும் கையில் இருந்தாக வேண்டும். விவரம் தெரிந்த ஓவியராக இருந்தால் ஆயுதம் மாறும்போது இவனுடைய நிற்கும் தோரணையையும் மாற்றிவிடுவார்: வில் எடுத்தால் ஹாக்ஐ தோள், கேடயம் எடுத்தால் கேப்டன் கால். இரண்டு கட்டத்திலும் ஒரே மாதிரி நின்றால் ஓவியர் கதாபாத்திரத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

எதிராளியின் அடுத்த அசைவை முன்கூட்டியே கணிப்பதும் இதிலிருந்தே வருகிறது. தோள் இப்படி இறங்கினால் அடுத்து இடது கைதான் வரும் என்று அவனுடைய உடம்புக்கே தெரியும். இவன் தோற்கும் இடங்களும் இங்கேதான் இருக்கின்றன. அறிமுகமான 196ஆம் இதழிலேயே அவெஞ்சர்ஸ் கூட்டத்தைச் சமாளித்தவன், ஜொகாஸ்டா வந்ததும் திணறி ஓடினான். அந்த ரோபோ பெண் சண்டையிட்டு அவன் பார்த்ததே இல்லை. கிறுக்குத்தனமான கூலிப்படை ஆள் டெட்பூல் விஷயம் வேறு. பார்த்திருக்கிறான், பலமுறை மோதியிருக்கிறான், ஆனால் அந்த ஆள் அடுத்து என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாதபோது வெளியிலிருந்து எப்படிக் கணிப்பது? மூன் நைட் என்ற ஹீரோவின் பாணியை இவன் வேண்டுமென்றே தவிர்க்கிறான். அடியைத் தடுப்பதைவிட வாங்கிக்கொள்வதே மேல் என்று நினைக்கிற ஆளைக் காப்பியடித்தால் விலா எலும்புதான் போகும்.

2002இல் ஊடான் ஸ்டுடியோ கைவண்ணத்தில் வந்த குறுந்தொடரில் இன்னொரு தந்திரம் சேர்ந்தது. வீடியோவை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தால் அதே வேகத்தில் இவனால் சண்டையிட முடியும். கொஞ்ச நேரத்துக்குத்தான். சாதாரண மனித உடம்பு அதற்கு மேல் தாங்காது. எனக்குப் பிடித்த சேர்க்கை இது, ஏனென்றால் புது சக்தியைக் கொடுத்த கையோடு அதற்கான விலையையும் வைத்துவிட்டார்கள்.

சண்டையைவிட இவனுடைய பிழைப்பு சுவாரசியமானது. ஆரம்பத்தில் சில பெரிய கொள்ளைகள் அடித்தான், ரிஸ்க் அதிகம் என்று தெரிந்ததும் அந்தப் பணத்தைப் போட்டு அடியாட்களுக்குப் பயிற்சிக்கூடம் திறந்தான். வில்லன்களுக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒழுங்காகக் குத்தத் தெரிய வேண்டும். காசு கொடுப்பவனுக்கு இவன் சொல்லிக்கொடுப்பான். டயமண்ட்பேக், கிராஸ்போன்ஸ் போன்ற வில்லன்கள் எல்லாம் இவனிடம் கற்றவர்கள்தான். பெரும்பாலான மாணவர்கள் ஹீரோவிடம் இரண்டு கட்டத்தில் விழுந்துவிடுவது எழுத்தாளரின் சோம்பேறித்தனம் இல்லை. வாத்தியாருக்கு ஒரு பார்வையில் வந்தது மாணவனுக்கு வருஷக்கணக்கில் பழகினாலும் அரைகுறையாகத்தான் வரும்.

விதிவிலக்கு ஜான் வாக்கர். 1987 வாக்கில் அமெரிக்க அரசு அவரைப் புது கேப்டன் அமெரிக்கா ஆக்கியபோது கேடயம் வீசக் கற்றுக்கொடுத்தது டாஸ்க்மாஸ்டர்தான். வாக்கரிடம் மனித எல்லையைத் தாண்டிய பலம் ஏற்கெனவே இருந்தது. டாஸ்க்மாஸ்டருக்குத் தெரிந்த அசைவும் அவனிடம் இல்லாத பலமும் ஒரே உடம்பில் சேர்ந்தது அப்போதுதான்.

எழுத்தாளர் ஃப்ரெட் வான் லென்டே, ஓவியர் யெஃப்டே பாலோ கூட்டணியின் 2010 தொடர் வெறும் 4 இதழ், ஆனால் இந்தச் சக்தியை அடியோடு மாற்றிப்போட்டது. ஒவ்வொரு புது அசைவும் மூளையில் இடம் பிடிக்க, அந்த இடத்தில் இருந்த சொந்த நினைவு வெளியே போகிறது. நூறு பேருடைய சண்டை தெரியும். சொந்த மனைவி யார் என்று தெரியாது. அவள் மெர்சிடிஸ், அவன் கண்ணெதிரிலேயே இருக்கிறாள்.

2021இல் வந்த பிளாக் விடோ படம் சக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது. அதில் டாஸ்க்மாஸ்டராக வரும் அன்டோனியா டிரேகோவுக்குக் கூலி கிடையாது, நக்கல் பேச்சு கிடையாது, சொந்த முடிவு என்று எதுவும் கிடையாது. 2018இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஸ்பைடர்மேன் கேம் இவனைச் சரியாகப் புரிந்துகொண்டது. ஊர் முழுக்க வெடிகுண்டு, ட்ரோன், பதுங்கித் தாக்குதல், நேரடிச் சண்டை என்று சவால்களை வைத்து, நாம் ஒவ்வொன்றையும் முடிக்க முடிக்க நம் அசைவுகளைச் சேகரித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் நேரில் மோத வருவான்.

புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் 2010 தொடரில் தொடங்கலாம், முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அடுத்து ஜெட் மெக்கே எழுதி 2020இல் தொடங்கிய 5 இதழ் தொடர். உளவு அதிகாரி மரியா ஹில்லைக் கொன்ற பழி தலையில் விழ, பிளாக் விடோ துரத்த, பில் கோல்சன், ஒக்கோயே, வைட் ஃபாக்ஸ் மூவரின் உடலசைவை இவன் காப்பியடித்தாக வேண்டும். ஏனென்றால் அந்தக் கதையில் ஒரு பூட்டைத் திறக்கும் சாவியே அந்த அசைவுதான். அவெஞ்சர்ஸ் 196ஐக் கடைசியாக எடுங்கள். வசனம் கொஞ்சம் நீளம், ஆனால் ஜொகாஸ்டா வரும் பக்கம் அப்போது இன்னும் நன்றாகப் புரியும்.