முதுகு வைத்த புத்தகம்

மகள் கதை எழுதுவதற்காக நான் தைத்துக்கொண்டிருந்த புத்தகம் ஒருவழியாக மேசைமேல் தட்டையாகத் திறந்து கிடக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கைவைத்து அழுத்தத் தேவையில்லை. மேல்அட்டை இன்னும் போடவில்லை, ஆனாலும் இதை இப்போதே எழுதிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது.

அவள் இரண்டாம் வகுப்பு, இடதுகைக்காரி. கடை நோட்டுகள் அவளுக்கு ஏன் ஆகவில்லை என்று அவள் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வலதுபக்கத் தாளில் ஒரு வரியைத் தொடங்கும்போது அவள் உள்ளங்கை முழுக்க நடு மடிப்பின்மேல் இருக்கும். ஸ்பைரல் நோட்டு என்றால் கம்பி கையில் குத்தும், ஒட்டுப் பைண்டிங் என்றால் முதுகு மேடாக எழும்பி நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் மேடேறி இறங்கினால் அரைப் பக்கத்தில் பிள்ளை களைத்துப்போகும், அதைப் பார்த்துவிட்டு நாம் "எழுத ஆர்வமில்லை" என்று முடிவுகட்டிவிடுவோம். மேலே மடிப்பு உள்ள ரிப்போர்ட்டர் நோட்டு கொடுத்துப் பார்த்தேன். "இது புத்தகம் மாதிரியே இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம்.

இதற்கு முன் அவள் கதை எழுத நான் தைத்துக்கொடுத்த இதழ்கள் எல்லாம் ஒரே ஃபாரம், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த ஒரே கட்டு: நான்கு தாள், 16 பக்கம், ஐந்து துளைத் தையல். அது எளிது, தட்டையாகவும் திறக்கும். ஒரு விஷயம் மட்டும்: தையலை வெளிப்பக்கத்திலிருந்து தொடங்கினால் முடிச்சு முதுகுக்கு வெளியே விழும். உள்ளே விழுந்தால் நடுப்பக்கத்தில் பிள்ளையின் கை அந்த முடிச்சின்மேலேயே போய் உட்காரும்.

இந்தமுறை அவள் கேட்டது "தடியா, முதுகு வெச்சு, முதுகுல என் பேரு வரணும்." ஃபாரங்களை முதுகு அட்டை இல்லாமல் சங்கிலி மாதிரி கோக்கிற காப்டிக் தையல் போட்டால் பிரமாதமாகத் திறக்கும், ஆனால் தையல் வெளியே தெரியும், பெயர் எழுத இடமே கிடையாது. முதுகும் வேண்டும், தட்டையாகவும் திறக்க வேண்டும் என்பதில்தான் இத்தனை நாளும் சிக்கிக்கிடந்தேன்.

இதற்கு முதல் சாவி காகிதத்தின் நார்த்திசை. ஏ4 கட்டுகள் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும்படி வெட்டியவை. அதை ஏ5 ஆக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது, தாள் விறைத்துக்கொண்டு நிற்கும். கனமான தாளாக இருந்தால் மடிப்பில் வெடிப்பே தெரியும். நார் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாளை வாங்கிப் பாதியாக வெட்டினால் கிடைக்கும் ஏ4 துண்டில் நார் குறுக்குவாக்கில் வந்துவிடும், மடிப்பும் நாரோடு போகும். வாங்கும் முன் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதுதான் மடிக்கும் பக்கம். எந்தக் கம்பெனி என்பதைவிட இது முக்கியம். கரூர் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்கிற டிஎன்பிஎல் தாள் எனக்குப் பிடித்திருக்கிறது. பென்சில் நன்றாகப் பிடிக்கிறது, அதைச் சொன்னதும் "இது கரும்பா?" என்று மகள் முகர்ந்து பார்த்தாள். பென்சில் என்றதும் இன்னொன்று, இடதுகைப் பிள்ளைகளுக்கு 2பி வேண்டாம், எழுதியதெல்லாம் கையில் ஒட்டிக்கொண்டு வரும். எச்பி போதும்.

அடுத்து தையல். மூன்று ஃபாரம், அவற்றை முதுகில் சேர்த்துப் பிடிக்க இரண்டு பருத்தி நாடா. குத்தூசியால் துளை போட அட்டையை வி வடிவில் மடித்து ஒரு தொட்டி செய்துவைத்திருக்கிறேன். நூலை இழுக்கும்போது முதுகின் நீளவாக்கிலேயே இழுக்க வேண்டும், மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழியும். நூலில் மெழுகு தடவுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முதுகில்தான் உண்மையான வித்தை. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பகுதியில் கணக்கு லெட்ஜர் பைண்ட் செய்யும் ஒரு பெரியவர். "மேலுறைத் துணிய முதுகுல ஒட்டாதீங்க தம்பி, அட்டையில மட்டும் ஒட்டுங்க, முதுகு சும்மா மிதக்கட்டும்" என்றார். தைத்த முதுகில் வெள்ளைப் பசையை மெல்லிசாக ஒரே கை, அதன்மேல் மல்துணி. அவ்வளவுதான், மேலுறையின் முதுகு தனியாகவே இருக்க வேண்டும். புத்தகத்தைத் திறக்கும்போது தைத்த முதுகு உள்ளே வளைந்துகொள்ளும், வெளிமுதுகு அசையாமல் பின்னால் நிற்கும், நடுவே ஒரு வெற்றுக் குழல். வெளிமுதுகுக்குச் சட்டை டப்பா அட்டை போதும். அதற்கும் முன்பின் கனத்த அட்டைகளுக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அதைக் குறைத்தால் அட்டை முழுதாகத் திறக்காமல் திமிறும். மேலுறையை அளவு வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டேன், கச்சிதமாக இருக்கிறது. இன்னும் ஒட்டவில்லை.

பசை பற்றி ஒரு எச்சரிக்கை. பைண்டிங் கடைகளில் மைதா பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம். பிள்ளை கை வைக்கிற புத்தகத்துக்கு அந்தப் பசையை வாங்காதீர்கள், வீட்டில் அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்த தாள்களை ஏன் பைண்ட் செய்யக்கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. 16 பக்க ஃபாரத்தின் வெளித்தாளில் 1, 2, 15, 16 பக்கங்கள் சேர்ந்து வரும், ஏழு வயதுப் பிள்ளையை அந்தக் கணக்குப்படி எழுதச் சொல்வது கொடுமை. அதைவிட முக்கியமாக, வெற்றுப் புத்தகம் கையில் இருந்தால் அதை நிரப்ப வேண்டும் என்ற ஆசை தானாக வருகிறது. முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர், விலை 5 ரூபாய், உள்ளடக்கம் எல்லாம் முதலிலேயே எழுதிவிடுவாள், அப்புறம்தான் கதை. மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லியைப் பற்றி ஒரு தொடர்கதை ஓடுகிறது, போன இதழில் "தொடரும்" போட்ட இடம் எனக்கே பொறுக்கவில்லை. எழுத்துப்பிழைகளை நான் தொடுவதில்லை, சிவப்புப் பேனா அந்த மேசைப் பக்கமே வராது. அவள் ஆச்சிக்கு உரக்கப் படித்துக்காட்டும்போது அவளே சிலதைப் பிடித்துத் திருத்திக்கொள்கிறாள். ஆச்சி 5 ரூபாய் கொடுத்துத்தான் வாங்குவார், சும்மா வாங்கமாட்டார். "பாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கு தாயி" என்று யோசனையும் சொல்வார். அந்த 5 ரூபாய்க்கு நான் எத்தனை பாராட்டு சொன்னாலும் ஈடாகாது.

அடுத்த திட்டம் பத்திரிகை. சென்னை திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய ஓர் உருது நாளிதழைப் பல பத்தாண்டுகள் கையாலேயே எழுதி, அதைப் படமெடுத்து அச்சடித்தார்கள் என்று சொன்னதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. பெரிய தாளில் பத்தி பிரித்து எழுத வேண்டுமாம், வீட்டுக்கு ஒரு பிரதி போட வேண்டுமாம். ஏ3 தாள் மிச்சம் இருக்கிறது, பத்திக் கோடு மட்டும் நான் போட்டுக்கொடுப்பேன், அதுவும் அழிக்க வருகிற மாதிரி லேசாக.

அதற்கு முன் இந்த மேலுறையை ஒட்டி முடிக்க வேண்டும். அட்டையும் நாடாவும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைத்துவிட்டன, அங்கே அரைமணி சுற்றினாலே காகிதத்தைப் பற்றிப் பாதிப் படிப்பு வந்துவிடும். மேலுறைக்கு ஒட்டுகிற காலிகோ என்ற பைண்டிங் துணிதான் பாக்கி. கறுப்பும் சிவப்பும்தான் எங்கும் வைத்திருக்கிறார்கள், கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும் என்று அவள் ஒப்பவில்லை. மஞ்சள்தான் வேண்டுமாம், பல்லி மஞ்சள். மஞ்சள் காலிகோவை மீட்டர் கணக்கில் கொடுக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், வரும் சனிக்கிழமை போய் வாங்கிவந்துவிடுகிறேன்.