எம்பயர் என்ற ஒரு சொல்லுக்கு மூன்று அட்டை

மார்ச் மாதம் அட்டை எழுதிச் செக் சொற்களை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். பேரரசு, போர், ஆட்சி சம்பந்தமான 150 ஆங்கிலச் சொற்கள். அட்டையின் முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் செக் மொழி. தினமும் 10 அட்டை. திட்டம் அவ்வளவுதான். செக் நாட்டின் பிர்னோ நகரத்துக்குக் குடிவந்து மூன்று வருடமாகிறது, கடைத்தெருச் செக் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் இங்கே எந்தக் கோட்டைக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் நாலாவது சொல்லிலேயே நின்றுவிடுவேன். அதை முழுதாக வாசித்துவிட வேண்டும் என்ற ஆசை.

முதல் மூன்று வாரம் சரிவரவில்லை. அட்டை முப்பதைத் தாண்டியதும் பழையவை மறந்தன. மிகவும் படுத்தியது 'எம்பயர்'. ரோமப் பேரரசும் ஒட்டோமான் பேரரசும் செக்கில் 'ர்ஷீஷெ'. 1804இல் உருவான ஆஸ்திரியப் பேரரசோ 'ட்ஸீசர்ஷ்-ஸ்த்வீ'. பிரித்தானியப் பேரரசு 'இம்பேரியும்'. ஓர் அட்டையின் பின்பக்கம் மூன்றையும் எழுதிவைத்தால் எதை எப்போது சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே உட்கார்ந்தேன். ட்ஸீசர்ஷ் என்றால் பேரரசர். சீசர் என்ற ஆளின் பெயர்தான் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. (அரசருக்கான 'க்ரால்' என்ற சொல்லும் இடைக்கால ஐரோப்பியப் பேரரசர் சார்லமேனின் பெயரான கார்ல் என்பதிலிருந்து வந்ததுதான். இரண்டு மனிதர்களின் பெயர் இரண்டு பதவியாகிவிட்டது.) 'ஸ்த்வீ' என்பது விகுதி. ஆகவே ட்ஸீசர்ஷ்-ஸ்த்வீ என்று சொல்ல ஒரு பேரரசர் இருந்தாக வேண்டும். ர்ஷீஷெக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் இந்த மொராவியப் பகுதியில் இருந்த ஆட்சியைச் செக்கில் 'வெல்கொமொராவ்ஸ்கா ர்ஷீஷெ' என்கிறார்கள். 863இல் சிரில், மெத்தோடியஸ் என்ற கிறிஸ்தவச் சமயப் பரப்பாளச் சகோதரர்கள் வந்து சேர்ந்தது அங்கேதான். அவர்களை வரவழைத்த ரஸ்திஸ்லாவ் பேரரசர் அல்ல, குறுநில மன்னருக்கான 'க்னீழெ' என்ற பட்டம்தான் அவருக்கு. ஆங்கிலப் புத்தகங்களில் அதையும் எம்பயர் என்று எழுதிவிடுகிறார்கள். விலங்கியலில் வரும் விலங்குலகம்கூடச் செக்கில் ர்ஷீஷெதான். எம்பயர் அட்டையை மூன்றாகப் பிரித்தேன். ர்ஷீஷெ அட்டையில் இருந்த ஆங்கிலத்தை அடித்துவிட்டு 'ஆளுகை, ஆளும் பரப்பு' என்று தமிழில் எழுதினேன். அன்றோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

ஏப்ரலில் எல்லா அட்டைகளையும் கலைத்தேன். ஆங்கில அகரவரிசையில் அடுக்குவதை விட்டு, செக் வேர்ச்சொல்படி கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டேன். முதல் கட்டு 'பாத்'. விழுதல், வீழ்ச்சி என்று பொருள். பேரரசின் வீழ்ச்சி 'பாத் ர்ஷீஷெ'. முன்னால் ஓர் ஒட்டுச் சேர்ந்து 'ஃப்பாத்' ஆனால் உள்ளே வந்து விழுவது, அதாவது படையெடுப்பு. 'ஊபதெக்' நலிவு. 'ஜாபத்' மேற்குத் திசை, சூரியன் போய் விழும் பக்கம். இது எனக்கு மனப்பாடமே தேவைப்படவில்லை. நான் மட்டக்களப்புக்காரி. வாவிக்கு மேற்கே உள்ள நிலத்தை நாங்கள் படுவான்கரை என்போம், கிழக்கே உள்ளதை எழுவான்கரை என்போம். படுகிற சூரியனை வைத்துத் திசைக்குப் பெயர் வைத்த ஊரில் பிறந்தவளுக்கு ஜாபத் எப்படி மறக்கும்?

அப்புறம் 'தொபீத்' கட்டு. முயன்று அடைவது, கைப்பற்றுவது. 1453இல் கான்ஸ்டாண்டினோப்பிள் கைப்பற்றப்பட்டதை எழுதும்போது 'தொபிதீ' என்று எழுதவேண்டிய இடத்தில் 'தொபிதெக்' என்று எழுதிவிட்டேன். கீழ்வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நீங்கள் எழுதியிருப்பது கால்நடை" என்றார். அந்தச் சொல் எப்படி வந்தது என்று கேட்டேன். "தேடிச் சேர்த்த சொத்து. அந்தக் காலத்தில் சொத்து என்றால் மாடுதானே" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். குறளில் மாடு என்றாலே செல்வம். இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மாடும் செல்வமும் ஒன்று என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் சொல்லாகவே நின்றிருக்கிறது. இந்த நாலு மாதத்தில் எனக்கு அதிக சந்தோஷம் தந்த அட்டை அதுதான்.

வேற்றுமை உருபுகள் இன்னும் தொல்லைதான். விழுதலுக்கான அதே 'பாத்' என்ற சொல்தான் இலக்கணத்தில் வேற்றுமைக்கும் பெயர். செக்கில் ஏழு. ஆங்கில வழிப் புத்தகங்கள் அவற்றுக்கு லத்தீன் பெயர்கள் சொல்லி மிரட்டுகின்றன. ஆனால் செக்காரர்கள் நம்மைப்போலவே இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணைத்தான் சொல்கிறார்கள். எண் மட்டும் மாறும். நம் இரண்டாம் வேற்றுமை அவர்களுக்கு நான்காவது. நம் நான்காவது அவர்களுக்கு மூன்றாவது. நம் எட்டாவதான விளி அவர்களுக்கு ஐந்தாவது: 'அரசே' என்று கூப்பிட 'க்ராலி'. இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் கடைசியில் ஸ்லாவ்கொவ் போனேன். பிர்னோவுக்குக் கிழக்கே பக்கத்தில்தான். உலகத்துக்கு ஆஸ்டர்லிட்ஸ் என்று தெரிந்த ஊர். 1805 டிசம்பர் 2 போரைச் செக்கில் 'பித்வா த்ர்ஷீ ட்ஸீசர்ஷூ', மூன்று பேரரசர்களின் போர் என்பார்கள். நெப்போலியன், ரஷ்யாவின் முதலாம் அலெக்சாந்தர், ஆஸ்திரியாவின் பிரான்சிஸ். இந்தப் பிரான்சிஸ் அப்போது புனித ரோமப் பேரரசுக்கும் தலைவர், ஆஸ்திரியப் பேரரசுக்கும் தலைவர். அதாவது ஒரே ஆள் கையில் ஒரு ர்ஷீஷெயும் ஒரு ட்ஸீசர்ஷ்-ஸ்த்வீயும். அடுத்த வருடம் 1806இல் அந்த ர்ஷீஷெ கலைக்கப்பட்டது, மற்றது மட்டும் மிஞ்சியது. மூன்று வாரம் என்னைத் திணறவைத்த இரண்டு சொற்களும் ஒருவருடைய வாழ்க்கையில் தனித்தனியாக நின்றதைப் பார்த்தபோது, அட்டையைப் பிரித்து எழுதியது சரிதான் என்று தைரியம் வந்தது. பலகையில் முதல் பத்தி முழுதும் அகராதி எடுக்காமல் வாசித்தேன். இரண்டாவது பத்தி படைப்பிரிவுகளைப் பற்றியது, அது முடியவில்லை.

இன்றைய நிலை: 150 என்று நினைத்த அட்டை பிரிந்து பிரிந்து 171 ஆகியிருக்கிறது. 130 நிலைத்துவிட்டன. சமாதானம், போர்நிறுத்தம், ஒப்பந்தம் மூன்றும் இன்னும் குழம்புகின்றன. கடைசியாகப் பிரித்தது பண்ணை அடிமைமுறை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடித்து வைத்திருந்தேன். இங்கே 'நெவொல்நிட்ஸ்த்வீ' வேறு, 'ரொபொதா' வேறு. முன்னது, ஆண்டையின் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகவோ கல்யாணம் செய்யவோ முடியாமல் குடியானவரைக் கட்டிவைத்த முறை. அதை 1781இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஒழித்தார். பின்னது, ஆண்டையின் நிலத்தில் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பு. அது 1848வரை ஓயவில்லை. இடையில் 67 வருடம். இரண்டு அட்டையிலும் வருடத்தைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.