கோடியக்கரையில் கேட்ட கேள்வி

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். முல்லைத்தீவுக்காரர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அண்ணனைப் பறிகொடுத்தவர். நேற்று கருவாடு காயவைத்துக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் கொலை செய்தவையைப் பிடிப்பினமோ, தம்பி?"

போஸ்னிய செர்பியப் படைத் தளபதி ராட்கோ மிலாடிச்சைப் பற்றிச் சொன்னேன். 1995இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் அவரது படையால் 8,000 பேர் அளவில் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் குற்றம் சாட்டப்பட்ட அந்தத் தளபதி 2011இல்தான் பிடிபட்டார். யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்காக ஐ.நா. அமைத்த ஹேக் தீர்ப்பாயம் 2017இல் ஆயுள் தண்டனை கொடுத்தது. அங்கே சாட்சி சொன்னவர்களில் பிணங்களுக்கு நடுவே அசையாமல் கிடந்து தப்பியவர்களும் உண்டு. அதைக் கேட்டதும் அக்காவின் கை நின்றுவிட்டது.

சரி, இலங்கை? சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் அது சேரவில்லை, இந்தியாவும்தான். அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை இலங்கை தானாக ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஐ.நா. பாதுகாப்பு அவை வழக்கை அனுப்ப வேண்டும். அங்கே வீட்டோ உள்ள ஐந்து நாடுகளில் ஒன்று மறுத்தாலும் போச்சு. எனக்கு இது ஆறவே இல்லை. ஆனால் சிரியாவின் சித்திரவதைக்காக ஓர் அதிகாரிக்கு ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நீதிமன்றமே 2022இல் ஆயுள் தண்டனை விதித்ததே! அப்படியும் ஒரு வழி இருக்கிறது.

இன்று காலை அக்கா ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னார். அண்ணன் பெயரையும் கடைசியாகப் பார்த்த இடத்தையும் முதல் பக்கத்தில் எழுதினோம்.