ட்ராக்கில் இருந்து கிற்லாபுக்கு: கொம்பைலர் குறிப்புகளில் ரிக்கற் எண்களைப் புதுப்பித்தல்

ஹஸ்கெல் மொழியின் கொம்பைலரான ஜீ.எச்.சி, 2019இல் தன் வழுப் பதிவேட்டை ட்ராக்கில் இருந்து கிற்லாபுக்குக் கொண்டுபோனது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நாங்கள் சிலர் அதன் 8.6 கிளையின் மேல் எங்கள் திருத்தங்களை வைத்து வேலை செய்கிறோம். அந்தக் கிளை மாற்றத்துக்கு முந்தியது. நிரல் முழுக்க உள்ள குறிப்புகளில் (கொம்பைலர் பொருட்படுத்தாத விளக்க வரிகள்) வழு எண் ‘ட்ராக் #1234’ என்ற மாதிரியே இருக்கும். புதிதாகச் சேரும் மாணவர்கள் அந்தப் பெயரைப் பார்த்துப் பழைய தளத்தைத் தேடிப் போவதால் எல்லாவற்றிலும் ‘ட்ராக்’ என்ற சொல்லை வெட்டி ‘#1234’ என்று எண்ணை மட்டும் விட்டோம். ஒவ்வொரு வழுவுக்கும் உள்ள பதிவான ரிக்கற்றின் எண் மாறாதது பெரிய உதவி. இன்னொரு கொம்பைலர் திட்டமான எல்.எல்.வி.எம் 2021இல் தன் பழைய பதிவேடான பக்சில்லாவை விட்டுக் கிற்ஹப்புக்குப் போனபோது எண்களே வேறாகிவிட்டன.

கைப்பேசி டேற்றாவில் ஆளாளுக்கு முழு நிரலையும் இறக்குவது வீண்செலவு. ஒருவர் இறக்கி, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிற் கருவியின் ‘கிற் பண்டில்’ கட்டளையால் ஒரே கோப்பாக்கிப் பென்ட்ரைவில் கொடுத்தால் போதும். துணைக் களஞ்சியங்கள் (ஜீ.எச்.சி தனக்குள் இணைத்து வைத்திருக்கும் வேறு திட்டங்களின் நிரல்) அதற்குள் வராது. அவற்றுக்குத் தனித்தனியாகப் பண்டில் போட வேண்டும்.

நேரம் போவது தேடலில்தான். சொல் தேடும் ‘கிற் கிரெப்’ கட்டளை தானாகத் துணைக் களஞ்சியங்களுக்குள் போகாது. அப்படியே விடுங்கள். கபால் போன்ற துணைக் களஞ்சியங்களுக்குச் சொந்தப் பதிவேடு உண்டு. அங்கே உள்ள #1234 ஜீ.எச்.சியின் 1234 அல்ல. எண் யாருடையது என்று தெரியாமல் ஓரிடத்தையும் தொடக்கூடாது. ‘டி’ எழுத்தில் தொடங்கும் எண்கள் பப்ரிகேற்றர் என்ற பழைய தளத்தில் நடந்த நிரல் பரிசீலனைகள், ரிக்கற் அல்ல. ‘ஐந்தாவது கொமன்ற்’ என்று சுட்டும் இணைப்புகளும் நேரடியாகப் பொருந்தா. கிற்லாப் கொமன்றுகளுக்கு வேறு அடையாள எண் கொடுக்கிறது. சில இடங்களில் ‘ட்ராக்’ ஒரு வரியின் கடைசியிலும் எண் அடுத்த வரியிலும் இருக்கும். கிரெப் வரிவரியாகப் பார்ப்பதால் இவை தப்பிவிடும். ‘ட்ராக்’ என்று முடியும் வரிகளைத் தனியாகத் தேடிக் கையால் திருத்தினோம்.

பொல்லாத சிக்கல் ‘ட்ராக்’ என்ற சொல்லை வெட்டும்போதுதான் வருகிறது. ஜீ.எச்.சியின் பல மொடியூல்கள் (நிரல் கோப்புகள்) முதலில் சி முன்செயலி (கொம்பைலருக்கு முன் நிரலைப் பதப்படுத்தும் கருவி) வழியாகப் போகின்றன. ஹஸ்கெல் குறிப்பின் அடைப்புக்குறி முன்செயலிக்குத் தெரியாது. வரியின் முதல் எழுத்து # என்றால் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். இந்த நிரலின் நீண்ட குறிப்புகளோ பெரும்பாலும் இடது ஓரத்திலேயே தொடங்குகின்றன. ‘ட்ராக் #1234’ என்று தொடங்கிய வரி வெட்டியபின் ‘#1234’ என்று தொடங்கும். எண்ணுக்குப் பின்னால் சொல் இருந்தால், அது சரியான கோப்புப் பெயர் அல்ல என்ற பிழையோடு நின்றுவிடும், தெரிந்துவிடுவதால் பாதகமில்லை. எண் மட்டும் தனியே நின்றால் பிழையே வராது. அடுத்த வரி 1234ஆவது என்று முன்செயலி கணக்கு வைத்துக்கொள்ளும். அதன்பின் அந்தக் கோப்பின் பிழைச் செய்திகளில் வரி எண்கள் எல்லாம் தவறாக வரும். மாற்றியபின் #, உடனே இலக்கம் என்று தொடங்கும் வரிகளைத் தேடி, முன்னால் ‘இஷ்யூ’ என்று சேர்த்தோம். ஓர் இடைவெளி விட்டாலும் இப்போதைக்குச் சரியாகும். ஆனால் பிறகு யாராவது வரியை ஒழுங்குபடுத்தினால் சிக்கல் திரும்ப வரும்.

பரிசோதனைக் கோப்புகளில் வரிகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எதிர்பார்க்கும் பிழைச் செய்திகளில் வரி எண் பதிவாகியிருக்கிறது. ‘கிற் டிஃப்’ கட்டளையோடு ‘நம்ஸ்ராற்’ சேர்த்தால் கோப்புக்கோப்பாகக் கூடிய வரியும் குறைந்த வரியும் வரும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். பரிசோதனை தோற்றால், புதிய வெளியீட்டையே சரி என்று ஏற்கும் ‘மேக் அக்செப்ற்’ கட்டளையை உடனே போடாதீர்கள். குறிப்பை மட்டும் மாற்றும்போது வெளியீடு மாறுகிறது என்றால், எங்கோ வரி நகர்ந்திருக்கிறது அல்லது நிரலில் கை பட்டிருக்கிறது.

பயனர் கையேடு சுலபம். ரிக்கற் இணைப்புகள் பெரும்பாலும், கையேட்டை உருவாக்கும் ஸ்பிங்ஸ் கருவியின் அமைப்புக் கோப்பின் ஒரே வரியில் இருந்து வருகின்றன; அந்த முகவரியை மாற்றினால் போதும்.

மாற்றங்களைக் கிற்றில் பதியும் கொமிற்றின் செய்தியில் ‘ஃபிக்சஸ் #1234’ என்ற மாதிரி எழுதக்கூடாது. பிரதான கிளையில் சேர்ந்தவுடன் கிற்லாப் அந்த ரிக்கற்றை மூடிவிடும். இவ்வளவு வரிகளைத் தொட்ட கொமிற், எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் ‘கிற் பிளேம்’ பார்ப்பவரின் கண்ணை மறைக்கும் என்பதால், அதன் அடையாளத்தை ஒரு விலக்குப் பட்டியல் கோப்பில் எழுதினோம், கிற் 2.23 முதல் இந்த வசதி உண்டு. ரீபேஸ் செய்தால் (கொமிற்றை வேறொரு கொமிற்றின் மேல் மாற்றி வைத்தால்) அடையாளம் மாறிவிடும். ஆகவே இணைத்து முடிந்த பிறகு, தனிக் கொமிற்றாகவே அதை எழுத வேண்டும். பிளேம் அந்தக் கோப்பைப் பார்க்கும்படி ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் ஒருமுறை அமைத்துக்கொள்ளவும் வேண்டும்.